ஏற்காட்டு ஈரத்தில் ஒரு டிஸ்க் அலமாரி

2018 நவம்பரில், ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் பெய்த மழை ஓய்ந்த காலையில், ஏற்காட்டில் நான் குடியிருக்கும் எஸ்டேட் வீட்டின் உள்ளறை அலமாரியைத் திறந்தபோது நனைந்த காகிதத்தின் வாடை முகத்தில் அடித்தது. வெளிச்சுவரை ஒட்டி நின்றிருந்த பதினோரு வீடியோ கேம் பெட்டிகளின் அட்டைகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிஸ்க்கின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி இழைபோல வெண்மையான கிளைகள் ஓடியிருந்தன. அது சோனியின் பிளேஸ்டேஷன் 2 எந்திரத்துக்கான 'கிராண் டூரிஸ்மோ 4' என்ற கார் பந்தய கேம். சேலத்தில் கல்லூரியில் படித்த காலத்தில், மூன்று மாதம் மதியச் சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து வாங்கிய டிஸ்க்.

டிஜிட்டலாக வாங்கிய கேமை ஒரு நிறுவனம் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அலமாரியில் இருப்பதை யார் எடுக்க முடியும் என்று அதுவரை நண்பர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தவன் நான். அந்த வாதத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி எவ்வளவு தவறு என்பதை அன்றைக்கு அந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்தபடி புரிந்துகொண்டேன். வீடியோ கேம் டிஸ்க்குகளையும் கேசட்டுகளையும் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, குறிப்பாக நம் ஊர் வெயிலிலும் மலையின் ஈரத்திலும் அவற்றைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு, காசும் பொருளும் இழந்து நான் கற்றுக்கொண்டவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் பூர்விக வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. வீட்டின் முன்கட்டில் சித்தப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பின்கட்டில் நாங்கள். எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் எந்திரத்தைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல் எந்திரம். கேசட் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மேலே ஆயிரக்கணக்கில் கேம்கள் இருப்பதாக அச்சடித்திருப்பார்கள். உள்ளே பத்துப் பதினைந்து கேம்களே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டின் அடிவாயில் ஊதிவிட்டுச் செருகுவோம். படம் வந்ததற்குக் காரணம் நாங்கள் ஊதியது அல்ல, கழற்றி மறுபடி செருகியதில் தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதுதான் என்பதும், மூச்சுக்காற்றின் ஈரம் அந்த முனைகளை அரிக்கவே செய்யும் என்பதும் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று பழைய கேசட் ஒன்று கைக்கு வந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்க்கிறேன். பஞ்சில் கறுப்பாக அழுக்கு ஏறும். அது ஏறாமல் வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே செருக வேண்டும்.

பிறகு பிளேஸ்டேஷன் 2 வந்தது. 2004, 2005 வாக்கில் எங்கள் பேட்டையிலிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு விளையாடவிடும் கடைகள் இருந்தன. அவற்றில் ஓடியவை பெரும்பாலும் டூப்ளிகேட் டிஸ்க்குகள்தான். கன்சோலுக்குள், அதாவது விளையாடும் எந்திரத்துக்குள், சிப் வைத்து அவற்றை ஓடவைத்தார்கள். அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நான் கேம் உலகத்துக்குள் போனது அந்த வாசல் வழியாகத்தான். ஆனால் அந்தக் கடைகளில் ஒன்று மூடப்பட்டபோது கடைக்காரர் மொத்தமாக எனக்கு விற்ற அட்டைப்பெட்டியில் இருந்த அறுபதுக்கும் மேற்பட்ட நகல் டிஸ்க்குகளில் இன்று ஓடுபவை நான்கோ ஐந்தோதான். நகல் டிஸ்க்கில் தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெளிச்சமும் பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும். அதே பெட்டியில் கிடந்த ஒரே ஒரு ஒரிஜினல் டிஸ்க் இன்றும் ஓடுகிறது. ஆலையில் அழுத்தி அச்சிடப்பட்ட டிஸ்க்குக்கும் வீட்டுக் கணினியில் பதிவுசெய்த டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அந்தப் பெட்டியில்தான் விளங்கியது.

டிஜிட்டல் பக்கம் நான் போகாமல் இருக்கவில்லை. வேலை கிடைத்து ஏற்காட்டுக்கு வந்த புதிதில், மலை ஏறி இறங்கி டிஸ்க் வாங்குவதைவிட இருந்த இடத்திலேயே வாங்குவது எளிது என்று ஒரு நிறுவனத்தின் இணையக் கடையில் பதினான்கு கேம்களை வாங்கினேன். அந்தக் கணக்கு ஒரு பழைய கைபேசி எண்ணோடும், நான் பயன்படுத்தாமல் விட்டு முடக்கப்பட்டுவிட்ட ஒரு மின்னஞ்சலோடும் இணைந்திருந்தது. கன்சோல் பழுதாகி வேறொன்று வாங்கி உள்ளே நுழைய முயன்றபோது, நான்தான் நான் என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. இரண்டு மாதம் கடிதம் எழுதிப் பார்த்தும் பதினான்கும் திரும்பவில்லை. டிஜிட்டலில் வாங்குகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கணக்கோடு இணைந்த எண்ணும் மின்னஞ்சலும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்ப்பதும், இரட்டைச் சரிபார்ப்புக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பதும்தான். பணம் கட்டிய ரசீதுகளையும் அச்செடுத்து வைக்க வேண்டும்.

என் இழப்பு என் அசட்டையால் வந்தது. ஆனால் அசட்டை இல்லாதவர்களுக்கும் கடைகள் மூடத்தான் செய்கின்றன. நின்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு கன்சோல்களுக்குமான இணைய விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 29 அன்று மூடியது. முன்பே வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ள வழி விட்டார்கள் என்றாலும், இணையத்தில் மட்டும் வெளியான கேம்களைப் புதிதாக ஒருவர் காசு கொடுத்து அங்கே வாங்க முடியாமல் போனது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று கணக்கிட்டது. கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தும் கடைகள், கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. பதினான்கு கேம்களுக்குப் பணம் கட்டியபோது அந்த ஒரு வரியை யாராவது என் கண்ணில் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே மறுபடியும் டிஸ்க்குக்கே திரும்பினேன். திரும்பிய இரண்டாம் ஆண்டில்தான் பூஞ்சணம் வந்தது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்து அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். அப்படிப்பட்ட ஊரில், கல்சுவரை ஒட்டி, காற்றோட்டம் இல்லாத மர அலமாரியில், காகித அட்டை செருகிய பிளாஸ்டிக் பெட்டிகளை நெருக்கி அடுக்கியது நான் செய்த தவறு. காகிதம் ஈரத்தைக் குடிக்கிறது, பூஞ்சணம் அந்தக் காகிதத்தையும் அதன் பசையையும் தின்று வளர்ந்து டிஸ்க்குக்குத் தாவுகிறது. டிஸ்க்கையே தின்னும் பூஞ்சணமும் உண்டு: மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு குறுந்தட்டின் உள்ளே புகுந்து அதன் அலுமினியப் படலத்தை அழித்த பூஞ்சையை ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர்கள் 2001-இல் அறிவித்தார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது நடந்தது என்பதால், அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினோரு டிஸ்க்குகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அந்த ஞாயிறு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். சித்தப்பா பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தார். ஒரு டிஸ்க்கை வாங்கி, கொலுசைப் பார்ப்பதுபோலவே விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "பூட்டி வெச்சா மட்டும் இருக்கும்னு யாரு சொன்னா கண்ணு? வெள்ளியக்கூட மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துப் பாத்துத் தொடச்சு வெக்கோணும். இல்லீன்னா கறுத்துப் போயிரும்" என்றார். பூட்டுக்குள் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று மாலை முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவினேன். அந்த முறையை இன்றுவரை மாற்றவில்லை. முதலில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும், பூஞ்சணத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு சொட்டுக் கலந்து, டிஸ்க்கை விளிம்பில் பிடித்து அதில் முக்கி எடுத்து, பழைய மெல்லிய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கவே கூடாது. டிஸ்க்கில் தகவல் நடுவிலிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. வட்டமாகத் துடைக்கும்போது ஒரு மணல் துகள் சிக்கினால் அந்தக் கீறல் தகவலின் பாதையிலேயே நீளமாக ஓடி, கன்சோல் தானே திருத்திக்கொள்ளும் அளவைத் தாண்டிவிடும். குறுக்காக விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு புள்ளியை மட்டுமே கெடுக்கும். அதை எந்திரம் சமாளித்துக்கொள்ளும். கழுவியபின் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் சாய்த்து நிறுத்தி உலரவைத்தேன். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகியவை டிஸ்க்கின் பாலிகார்பனேட்டைப் பனிபடர்ந்ததுபோல் ஆக்கிவிடும். பற்பசையால் தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்வதைக் கேட்டு ப்ளூ-ரே டிஸ்க்கைத் தேய்க்கிறவர்கள் உண்டு. அதில் தகவல் படலத்துக்கு மேல் இருக்கும் காப்புப் படலத்தின் தடிப்பு வெறும் 0.1 மில்லிமீட்டர்.

பதினொன்றில் எட்டு பிழைத்தன. பிழைக்காத மூன்றும் முதல் பிளேஸ்டேஷனின் கறுப்பு அடிப்புறம் கொண்ட சிடிக்கள். ஏன் அந்த மூன்று மட்டும் என்று தேடிப் படித்தபோதுதான் நான் பல வருடமாகத் தவறான பக்கத்தைப் பாதுகாத்து வந்தது தெரிந்தது. சிடியில் அலுமினியப் படலம் இருப்பது படம் அச்சிட்ட மேற்புறத்துக்கு மிக அருகில், ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். பளபளக்கும் கீழ்ப்புறத்தைத்தான் எல்லோரும் கவனமாகப் பார்க்கிறோம். உண்மையில் சிடிக்கு ஆபத்து மேற்புறத்தில். பேனாவால் அழுத்தி எழுதினாலும், ஒட்டிய ஸ்டிக்கரை உரித்தாலும் தகவலோடு சேர்ந்து வந்துவிடும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே படலம் இருப்பதால் அது இருபுறமும் காப்பாற்றப்படுகிறது. விளிம்பில் ஒட்டு விட்டுப்போனால்தான் கேடு. 'கிராண் டூரிஸ்மோ 4' டிவிடி என்பதால் தப்பியது. இன்று பழைய டிஸ்க் வாங்கும்போது கீழ்ப்புறக் கீறலைப் பார்ப்பதற்கு முன்னால், டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளை அளவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறேன். சிடியில் அப்படிக் கசிந்தால் அந்த இடத்தில் படலம் போய்விட்டது, எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

இப்போது என் அலமாரி இரும்புப் பீரோ. வெளிச்சுவர் எதையும் தொடாமல் வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறேன். உள்ளே ஈரப்பதமானி ஒன்று தொங்குகிறது. ஐம்பது சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. ஐப்பசியில் அதை எட்டுவது போராட்டம்தான். ஒவ்வொரு தட்டிலும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கின்றன. நீல நிற மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் எடுத்து வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நிறம் கோபால்ட் உப்பால் வருவது, விஷம் என்பதால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. பெட்டிகளைப் படுக்கவைக்காமல் நூல்களைப்போல நிறுத்தி, விரல் நுழையும் இடம் விட்டு அடுக்குகிறேன். துணிப் பீரோவில் போடும் பாச்சை உருண்டையை இங்கே போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி பழைய சிடி பெட்டிகள் செய்யப்பட்ட பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். மேனுவல் தாள்களை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு, ஈரத்தைக் குறைப்பதும் மாதம் ஒருமுறை பெட்டிகளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதும்தான் நான் கண்ட மருந்து. சேலத்தில் தங்கையின் வீட்டில் வைத்திருக்கும் மற்றொரு பகுதிக்குச் சிக்கல் வேறு: அங்கே சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை கொதிக்கும். அதனால் அவை கீழ்த்தளத்தில், வெளிச்சம் படாத மூலையில் இருக்கின்றன.

கையடக்கக் கன்சோல்களை வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும். என் பிஎஸ்பி ஒன்றின் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கிவிட்டிருந்ததைக் கண்ட பிறகு, பாதி சார்ஜில் கழற்றித் தகரப் பெட்டியில் வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது.

கேசட்டைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த 'கேம் பாய் கலர்' என்ற கையடக்க எந்திரத்தில், என் தங்கை 2002-இல் ஒரு கோடை விடுமுறை முழுவதும் 'போகிமான் கோல்டு' விளையாடினாள். அதில் பிடித்துச் சேர்க்கும் உயிரினமான ஒவ்வொரு போகிமானுக்கும் எங்கள் தெருவில் இருந்தவர்களின் பெயர்களை வைத்திருந்தாள்; பட்டறையில் வேலை செய்தவர்கள், எதிர்வீட்டுப் பாட்டி, அதே வருடம் இறந்துபோன எங்கள் நாய் என்று எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். அந்தக் கேசட்டில் விளையாடியதன் சேமிப்பு நிற்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட ஒரு நாணய பேட்டரியின் தயவில். கேமுக்குள் ஓடும் கடிகாரமும் அதே பேட்டரியைத்தான் தின்கிறது. 2017-இல் எடுத்துப் பார்த்தபோது, பதினைந்து வருடம் கழித்தும் அந்தச் சேமிப்பு அப்படியே இருந்தது. தங்கையைக் கைபேசியில் அழைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்காட்டினேன். பேட்டரி எந்த நிமிடமும் தீர்ந்துவிடுமே என்ற பயத்தில், நல்லது செய்வதாக நினைத்து, மறுநாளே கேசட்டைத் திறந்து சால்டரிங் அயர்னால் பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிய சிஆர்2025 வைத்தேன். பேட்டரியின் மின்சாரம் அறுந்த அந்த நொடியில் உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது. கேமை இயக்கியபோது புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு மட்டுமே திரையில் நின்றது.

தங்கை என்னைத் திட்டவில்லை. "போச்சுன்னா போகட்டும்ணா" என்று சொன்னாள், அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கேசட்டைக் கணினியோடு இணைத்துச் சேமிப்பைப் படித்து நகலெடுக்கும் சிறு கருவிகள் விற்கின்றன. அவற்றால் சேமிப்பை முதலில் எடுத்துவைத்து, பேட்டரியை மாற்றி, பிறகு அதே சேமிப்பைத் திரும்ப எழுத முடியும். நான் ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேம் பாய் கேசட் இருந்தால், அதில் ஒரு குழந்தையின் விடுமுறை இருக்கக்கூடும் என்று எண்ணி, திருப்புளியைத் தொடும் முன்னால் நகலெடுங்கள். பேட்டரியின் இருமுனையிலும் உலோகப் பட்டை வைத்து வருவதைத்தான் வாங்க வேண்டும். வெறும் பேட்டரி மேல் நேரடியாகச் சூடு வைத்தால் அது வெடிக்கவும் கூடும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் மேலும் பெட்டியின் முதுகிலும் ஒரு குறியீடு இருக்கும். பிளேஸ்டேஷன் 2-இல் எஸ்எல்இஎஸ் (SLES) என்று தொடங்கினால் ஐரோப்பிய வெளியீடு, எஸ்எல்யூஎஸ் (SLUS) என்றால் அமெரிக்க வெளியீடு. நம் நாட்டில் விற்ற கன்சோல்கள் ஐரோப்பாவின் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைச் சேர்ந்தவை என்பதால் அமெரிக்க டிஸ்க் அவற்றில் ஓடாது. பிளேஸ்டேஷன் 3-இலிருந்து டிஸ்க் அநேகமாக எங்கும் ஓடும். ஆனால் பிளேஸ்டேஷன் 4 காலத்தில் வேறொரு பள்ளம் இருந்தது: உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில், இணையக் கடையில் தனியாக விற்கும் கூடுதல் பகுதியை வாங்கினேன், அது டிஸ்க்கோடு சேரவே இல்லை. டிஸ்க் எந்த மண்டலத்தின் வெளியீடோ அதே மண்டலத்தின் கடையில்தான் அதற்கான கூடுதல் பகுதிகளை வாங்க வேண்டும். அதே உறவினர் முன்பு கொடுத்த அமெரிக்க பிளேஸ்டேஷன் 2, 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகிய அன்று ஒரு சத்தமும் புகையும் வந்ததோடு அது நின்றுபோனது. பின்புறத்தில் அச்சிட்ட வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுத்தான் வெளிநாட்டுக் கன்சோலுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

புதிய கேம்களில் பெட்டி இருப்பதாலேயே கேம் உள்ளே இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. 2018-இல் வந்த 'ஸ்பைரோ ரீஇக்னைட்டட் ட்ரைலஜி'யில் மூன்று கேம்கள். டிஸ்க்கில் முழுமையாக இருந்தது முதலாவது மட்டுமே, மற்றவற்றை இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருந்தது. 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 'கேம் கீ கார்டு' என்ற வகை வந்திருக்கிறது. அந்த அட்டையில் கேம் கிடையாது, இணையத்திலிருந்து இறக்குவதற்கான சாவி மட்டும்தான். பெட்டியின் முன்பக்கத்தில் அதற்கான குறிப்பு இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் சர்வரை, அதாவது மையக் கணினியை, நம்பியே ஓடும் கேமுக்கு டிஸ்க் இருந்தும் பயனில்லை: 2014-இல் வெளிவந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தயத்தின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. அதை ஒட்டி எழுந்த, விற்ற கேம்களை முடக்காதீர்கள் என்று கேட்கும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. எனக்கு அது பெரிய ஆறுதல்.

நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. புதிய டிஸ்க் வந்ததும் கன்சோலின் இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவுகிறேன். அப்படியே தொடங்கி ஒரு மணி நேரம் விளையாட முடிந்தால் அதன் பெட்டியில் பச்சைப் பொட்டு. இணையம் கேட்டால் சிவப்புப் பொட்டு. சிவப்புப் பொட்டு விழுந்ததை விற்றுவிட்டு அந்தக் காசில் வேறொன்று தேடுவேன். ஏற்காட்டில் மழைநாளில் இணையம் படுத்துவிட்டால் நூறு ஜிபி கேமை இறக்க மூன்று இரவுகள் ஆகும் என்பதால், இந்தப் பொட்டு எனக்குக் கொள்கை மட்டுமல்ல, அன்றாடத் தேவையும்கூட. பிளேஸ்டேஷன் 5-இன் மெலிந்த வடிவத்துக்குத் தனியாக வாங்கிப் பொருத்தும் டிஸ்க் டிரைவையும், முதல்முறை இணைக்க இணையம் வேண்டும். அதை வாங்கிய அன்றே செய்து முடித்துவிடுவது நல்லது.

எதைச் சேர்ப்பது என்று கேட்கிறவர்களிடம், விலை ஏறும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 2021-இல் பிரிக்காத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. யாரும் விளையாடாமல் கண்ணாடிக்குள் இருக்கும் அந்தக் கேசட்டை நினைத்தால் எனக்கு வருத்தமே வருகிறது. மாறாக, ஹைதராபாத்தில் உருவாகி 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' போன்ற நம் நாட்டு டிஸ்க்குகளைத் தேடுங்கள். அவை தரத்தில் சிறந்தவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவற்றை ஜப்பான்காரரோ அமெரிக்கரோ தேடிப் பாதுகாக்கப்போவதில்லை. நாம் விட்டால் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும். என் பிரதியை அழகாபுரத்தில் வீடு காலி செய்த ஒரு அம்மா, மகனின் நோட்டுப் புத்தகங்களோடு எடைக்குப் போட இருந்ததிலிருந்து வாங்கினேன். காசு வேண்டாம் என்றார். "யாராச்சும் விளையாடினா சரி தம்பி" என்றார்.

அவர் சொன்னது மனதில் தங்கிவிட்டதால், அன்றிலிருந்து இரவல் கொடுக்கத் தொடங்கினேன். டிஜிட்டல் கேமை நண்பனின் கையில் கொடுக்க முடியாது, மகளுக்கு விட்டுச் செல்வதும் எளிதல்ல, டிஸ்க்கைக் கொடுக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயர், நாள், டிஸ்க், திரும்பிய நாள் என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். கொடுக்கும்போது டிஸ்க்கின் இருபுறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன், சண்டை வராது. மேனுவலை மட்டும் தருவதில்லை. ஆறு வருடத்தில் திரும்பாமல் போனவை இரண்டு. பூஞ்சணம் தின்றதைவிடக் குறைவு. அடிக்கடி வெளியே போய்வரும் டிஸ்க்குகளில் இதுவரை பூஞ்சணம் பிடிக்கவே இல்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

போன மாதம், எஸ்டேட்டில் மிளகு பறிக்கும் குடும்பத்துப் பையன், பத்தாம் வகுப்பு படிப்பவன், பழைய பிளேஸ்டேஷன் 2-ஐயும் இரண்டு டிஸ்க்குகளையும் விடுமுறைக்கு எடுத்துப்போனான். இரண்டாம் நாள் மாலை மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நின்றான். "அண்ணா, மெமரி கார்டு ஃபுல்லா இருக்குது. பழச அழிச்சாத்தான் சேவ் ஆகும்ங்குது. அழிச்சுரட்டுமா?" என்று கேட்டான். அது 8 எம்பி கார்டு. என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவன் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அதில் நான்காவதாகவும் ஏழாவதாகவும் என் தங்கையின் பெயர் இருந்தது. பீரோவைத் திறந்து, வேறொரு காலிக் கார்டை எடுத்து அவனிடம் கொடுத்தேன். மறுநாள் அவன் திருப்பிக் கொண்டுவந்த பழைய கார்டின் மேல் தங்கையின் பெயரை எழுதிச் சீட்டு ஒட்டி, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு வைத்தேன். நகலெடுக்கும் கருவிக்கு அன்று இரவே பணம் கட்டிவிட்டேன்.